மாவுக்கட்டு போட்ட சுவர்

பால்பாண்டியின் வலதுகை ஆள்காட்டி விரலுக்குக் கண் இருக்கிறது என்று சொல்வார்கள். ஆஸ்பத்திரிக்குள் மட்டும் இல்லை, விஸ்வநத்தம், தாயில்பட்டிப் பக்கத்துப் பட்டாசு ஆபீசுகளிலும் அந்தப் பேச்சு உண்டு. பட்டாசுத் தொழிற்சாலையை அங்கே ஆபீஸ் என்றுதான் சொல்வது. மேஜை நாற்காலியைத் தேடாதீர்கள். அந்த ஆபீசுகளில் தீப்பட்டு வருகிற உடம்பில் ட்ரிப்ஸ் ஏற்ற நரம்பு கிடைக்காது. தோல் வெந்து வீங்கி, எங்கே தொட்டாலும் ஒரே மாதிரி இருக்கும். நர்ஸுகள் நாலு இடத்தில் குத்திப் பார்த்துவிட்டுக் கையைப் பிசைவார்கள். அப்புறம் "பால்பாண்டி அண்ணனைக் கூப்பிடு" என்பார்கள். அவன் வந்து கண்ணை மூடிக்கொண்டு அந்த ஒரு விரலால் தடவுவான். "இங்கன" என்பான். குத்தினால் ரத்தம் எட்டிப் பார்க்கும். பதினாறு வருசமாக ஆபரேஷன் தியேட்டரில் டெக்னீஷியன் வேலை. மயக்க மருந்து மெஷினைத் தயார்செய்வது, சிலிண்டர் மாற்றுவது, மயக்க டாக்டருக்குப் பக்கத்தில் நிற்பது எல்லாம் அவன்தான். ஆனாலும் ஊர் அவனை அறிந்தது விரலால்தான்.

அந்த விரல் மரத்துப்போய் மூன்று மாசத்துக்கு மேல் ஆயிற்று. யாருக்கும் தெரியாது.

முதலில் உள்ளங்காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. பிறகு ஒரு நாள் செருப்பு கழன்றுபோனது தெரியாமல் பஸ் ஸ்டாண்டில் பத்தடி நடந்திருக்கிறான். பூக்காரி கூப்பிட்டுச் சொன்னாள். வைகாசியில் விரலுக்கு ஏறியது. சட்டைப் பித்தானைப் போடக் கண்ணாடி முன்னால் நிற்க வேண்டியதாயிற்று. டீ கிளாசின் சூடு உதட்டில் பட்டால்தான் தெரிந்தது. நரம்பு பார்க்கக் கூப்பிட்டால் முன்னே மாதிரியே கண்ணை மூடினான். மூடினான் என்பது பேச்சுக்குத்தான். இமைக்குக் கீழே திருட்டுத்தனமாகப் பார்த்து, பச்சையாக எங்கே தெரிகிறதோ அங்கே விரலை வைத்து "இங்கன" என்றான். பத்தில் ஆறு தடவை சரியாக இருந்தது. மற்ற நாலு தடவை "நோயாளி கையை ஆட்டிட்டாக" என்று வலியில் துடிக்கிற ஆளின் மேலே பழியைப் போட்டான். வெட்கங்கெட்ட வேலைதான். அது அவனுக்கும் தெரியும்.

ஏன் மறைத்தான் என்றால், முருகம்மாளுக்கு நடந்ததை அவன் பார்த்திருந்தான்.

முருகம்மாள் தியேட்டரைக் கழுவித் துடைக்கிற அம்மாள். விஸ்வநத்தத்துக்காரி. ஐம்பத்திரண்டு வயசு, வாய் நீளம், வேலை சுத்தம். டாக்டரே ஆனாலும் ஈரத் தரையில் கால் வைத்தால் "கொஞ்சம் பொறுக்கக் கூடாதாக்கும்?" என்று கேட்கிற ஆள். கடைசி ஆபரேஷன் முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, குத்தவைத்து உட்கார்ந்து மூலை மூலையாகத் துடைப்பாள். போன வருசம் ஆவணியில் அவள் தள்ளாட ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்து நடந்தாள். வாளி கை நழுவியது. ஐப்பசியில் ஒரு நாள், வாசல் கூடத்தில் பத்து நோயாளிகள் பார்க்கக் கால் பின்னிக் கீழே விழுந்தாள். மேனேஜர் தங்கப்பாண்டியன் ஓடிவந்து தூக்கினார். தூக்கியவர் மூக்கைச் சுளித்தார்.

"ஏலே பால்பாண்டி, பொம்பள மேல ஒரு மாதிரி வாடை அடிக்குதே. குடிச்சிருக்காளோ?"

பால்பாண்டிக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. தியேட்டருக்குள் எந்நேரமும் இருக்கிற மயக்க மருந்து வாடை அவன் மூக்குக்கு எப்போதோ பழகிப்போயிருந்தது. மேனேஜருக்கு அடிக்கிறதென்றால் அடிக்கும் என்று நினைத்தான். "ஆமாண்ணே, அடிக்கத்தான் செய்யிது" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அதுவே போதும் என்றாகிவிட்டது. "பால்பாண்டியே சொல்லிட்டான்" என்று மேனேஜர் நாலு பேரிடம் சொன்னார். கார்த்திகையில் முருகம்மாளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அம்புட்டு வாய் உள்ளவள், அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் போனாள்.

இப்போது அவனுக்கே கால் பின்னுகிறது. தள்ளாடினால் என்ன பெயர் கிடைக்கும் என்பது தெரிந்த விஷயம். விரல் போனது வெளியே தெரிந்தால் தியேட்டரில் இடம் கிடையாது. நாற்பத்துமூன்று வயசில் வேறு எங்கே போவது? திரும்பவும் மருந்து கலக்கவா?

மருந்து என்றால் வெடிமருந்து. தன் மரமரப்புக்கு அவன் கண்டுபிடித்து வைத்திருந்த காரணமும் அதுதான். பதினெட்டு வயசிலிருந்து ஏழு வருசம் தாயில்பட்டி ஆபீஸ் ஒன்றில் அலுமினியப் பவுடரிலும் வெடியுப்பிலும் கையை விட்டு அளைந்தவன். வேர்வைகூட வெள்ளியாக வழியும். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பக்கத்து ஷெட்டு வெடித்து அவன் சித்தப்பாவோடு மூன்று பேர் போன பிறகுதான், போதும்டா சாமி என்று டெக்னீஷியன் படிக்கப் போனான். இந்தப் பக்கத்தில் எவனுக்கு எது வந்தாலும், இருமல் வந்தாலும் முடி கொட்டினாலும், "பளைய மருந்து வேலையக் காட்டுது" என்பார்கள். பால்பாண்டியும் தனக்குள் அதையே சொல்லிக்கொண்டான். கையைக் கழுவிப் பதினெட்டு வருசமான வெடிமருந்து இப்போது எப்படி வந்து விரலைப் பிடிக்கும் என்று அவன் யோசிக்கவில்லை. அதை யோசித்தால் வேறு எதையாவது யோசிக்க வேண்டி வருமே!

ஆவணி பிறந்தது. தீபாவளி ஆர்டர் ஏறி ஆபீசுகளுக்குச் சீசன் வந்தால் ஆஸ்பத்திரிக்கும் சீசன்தான். தினமும் ஏழெட்டுப் பேருக்குத் தீக்காயக் கட்டு மாற்ற வேண்டும். மயக்கம் கொடுக்காமல் அந்தக் கட்டில் கை வைக்க முடியாது. மாஸ்க்கை முகத்தில் வைத்து நைட்ரஸ் என்கிற மயக்க வாயுவைத் திறந்துவிட்டால், ஆள் கொஞ்ச நேரத்தில் அடங்குவார். கதவைச் சாத்தி ஏசியைப் போட்டுக்கொண்டு ஒன்றன் பின் ஒன்றாக நடக்கும். பகல் இரண்டு மணிக்குள் உள்ளே நிற்கிற எல்லோருக்கும் தலை வலிக்கும். மேஜை டிராயரில் பொதுச்சொத்தாக ஒரு தைலப் புட்டி இருந்தது. தியேட்டர் என்றால் தலை வலிக்கும், அது வேலையோடு வருவது என்று ஆளுக்கொரு சொட்டு தேய்த்துக்கொள்வார்கள்.

பழைய மயக்க டாக்டர் கண்ணுச்சாமி ஓய்வுபெற்று மகன் வீட்டோடு போய்விட்டார். அவர் இடத்துக்கு விருதுநகரிலிருந்து செல்வலட்சுமி என்ற டாக்டர் வந்தார். சின்ன வயசு. வந்த முதல் நாளே, "இந்த ரூமுக்கு ஜன்னலே கிடையாதா?" என்று கேட்டார். "ஏசி இருக்கு மேடம்" என்றான் பால்பாண்டி பெருமையாக. அவர் கூரையையும் சுவரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

மூன்றாம் நாள், இருபது வயசுப் பெண் ஒருத்திக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் மாரிச்செல்வி மருந்துக் குப்பியின் கழுத்தை ஒடித்து, ஊசியில் மருந்தை இழுத்துக்கொண்டிருந்தாள். காரியாபட்டிப் பக்கம் நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளை. வேலைக்கு வந்து பதினாலு மாசம் ஆகிறது. அவள் கையுறையின் நுனி சிவந்து தரையில் சொட்டியது. அவள் பாட்டுக்கு வேலையைப் பார்த்தாள்.

"சிஸ்டர், கை" என்றார் டாக்டர்.

"என்ன மேடம்?"

"ரத்தம் சொட்டுது. தெரியலையா?"

மாரிச்செல்வி கையைத் தூக்கிப் பார்த்தாள். கட்டைவிரலில் கண்ணாடிச் சில்லு ஒன்று குத்தி நின்றது. "ஆத்தாடி!" என்றாள். வலித்துச் சொல்லவில்லை, பார்த்துப் பயந்து சொன்னாள். "தெரியல மேடம். மூணு மாசமா இப்பிடித்தான் மரமரன்னு இருக்கு. வீட்டுல சொன்னா, செல்போன நோண்டாம இருன்னு வையிறாக."

பால்பாண்டி தன் விரலைப் பார்த்துக்கொண்டான். கட்டு முடிந்து அந்தப் பெண்ணை வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனதும் மாரிச்செல்வியைத் தனியாகப் பிடித்தான்.

"ஏத்தா, நீ எந்த ஆபீசுல வேலை பாத்த?"

"ஆபீசா? நல்லாக் கேட்டீக போங்க. தீபாவளிக்கே எங்கப்பா கம்பி மத்தாப்புக்கு மேல வாங்கித் தர மாட்டாக. சரவெடியக் கையால தொட்டதில்லண்ணே நானு."

"ஒங்க ஊருப் பக்கத்துல எங்கனயாச்சும் ஆபீஸ் இருக்கா?"

"எங்க ஊருல வெங்காயமும் பருத்தியும்தான். எதுக்குக் கேக்கீக?"

"சும்மாதான்."

சும்மாவா கேட்டான்? இத்தனை மாசமாகக் கட்டிக் காப்பாற்றிய காரணம் அந்த இடத்திலேயே பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. வெடிமருந்தைத் தொடாத பிள்ளைக்கும் அதே மரமரப்பு. இவளுக்கும் அவனுக்கும் பொதுவாக இருப்பது இந்த ஒரு அறைதான்.

உள்ளே டாக்டர் மெஷினுக்குப் பின்னால் குனிந்து என்னவோ இழுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது அவர் கையில் ஒரு நெளிகுழாய் இருந்தது. வளையமாகச் சுருட்டி, கட்டுத்துணியால் அழகாக முடிச்சுப் போட்டு, மெஷினின் கொக்கியில் மாட்டியிருந்தது. நோயாளி விடுகிற மூச்சோடு மிச்ச மயக்க வாயு வெளியே வரும் அல்லவா, அதைக் கட்டடத்துக்கு வெளியே கொண்டுபோய் விடுகிற குழாய் அது. அதன் வாய் தியேட்டருக்குள்ளேயே திறந்திருந்தது.

"இது எங்க போகணும்?" என்று கேட்டார் டாக்டர். அவரே சுவரைக் கையால் தடவிக்கொண்டு போய், முழங்கால் உயரத்தில் ஓர் இடத்தில் நின்றார். வெள்ளையடித்த சுவரில் வட்டமாக ஒரு மேடு. நகத்தால் சுரண்டினார். வெள்ளைத் துணியின் நூல் வந்தது. "சுவத்துக்கு யாருங்க மாவுக்கட்டு போட்டது?"

மாரிச்செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பால்பாண்டிக்கு வரவில்லை. போட்டது அவன்.

ரெண்டு வருசத்துக்கு முந்தைய ஐப்பசியில் நடந்தது அது. அந்தத் துவாரத்தின் வழியாகக் குழாய் பின்பக்கச் சந்துக்குப் போகும். தீக்காயக்காரர்களின் சொந்தக்காரர்கள் அந்தச் சந்தில்தான் காத்துக் கிடப்பார்கள். பால்பாண்டி ஏதோ வேலையாகப் பின்னால் போனவன், ஒருவர் குழாய் வாய்க்கு நேர் கீழே உட்கார்ந்து பீடிக்குத் தீக்குச்சி உரசுவதைப் பார்த்தான். நைட்ரஸ் தானாக எரியாது, ஆனால் எரிகிற தீக்குத் தீனி போடும் என்று படித்திருந்தான். படிப்பு ஞாபகத்துக்கு வருமுன்னே உடம்பு பாய்ந்துவிட்டது. பக்கத்து ஷெட்டு வெடித்ததைப் பார்த்த உடம்பு அல்லவா! பீடியைப் பிடுங்கி எறிந்து, "செத்துப்போவீகய்யா!" என்று கத்தினான். அன்றைக்கே குழாயை உள்ளே இழுத்துக்கொண்டு, எலும்பு முறிந்தவர்களுக்குப் போடுகிற மாவுக்கட்டுத் துணியை நனைத்துத் துவாரத்தில் திணித்து, மேலே ஒரு பூச்சுப் பூசினான். மேனேஜர் வந்து பார்த்து, "இந்தப் புத்தி யாருக்குலே வரும்!" என்று முதுகில் தட்டினார். வேறு ஊர்க்காரனாக இருந்தால் பீடி குடித்தவரை எழுந்து போகச் சொல்லியிருப்பான், துவாரத்தை அடைத்திருக்க மாட்டான். தீ இருக்கிற பக்கம் வெடிச் சாமான் போகக் கூடாது என்பது ஆபீசில் பால்பாண்டி சித்தப்பாவைப் பறிகொடுத்துக் கற்ற பாடம். உள்ளேயே நிற்கிற வாயு யார் மூக்குக்குள் போகும் என்பதும் டெக்னீஷியன் படிப்பில் இருந்ததுதான். அது அவனுக்கு அன்றைக்கு ஞாபகம் வரவில்லை, அதன் பிறகும் வரவில்லை.

டாக்டர் அன்றைய மிச்சக் கட்டுகளை எல்லாம் வேறு அறைக்கு மாற்றினார். மாரிச்செல்வியிடமும் பால்பாண்டியிடமும் ரத்தம் எடுத்தார். "எனக்கு எதுக்கு மேடம், நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றான் பால்பாண்டி. "நல்லா இருந்தா நல்லதுதானே" என்று அவர் ஊசியைக் குத்தினார். குத்தியது அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை.

சாயங்காலம் மேனேஜர் அவனை மருந்து வைக்கிற கிட்டங்கிக்குள் கூப்பிட்டார். சுற்றிவளைக்கிற பழக்கம் அவரிடம் கிடையாது.

"போன பங்குனியில ஏசி சர்வீசுக்கு ஒருத்தன் வந்தாம்ல? அவன்தான் பைப்ப மாட்டுறப்ப துவாரத்த அடைச்சுட்டுப் போயிட்டான். என்ன, வெளங்குதா?"

"அண்ணே, நாமதான..."

"நாமன்னு சொல்லாதலே. நீ அடைச்ச, நான் நல்லதுன்னேன். அவன் இப்ப திருப்பூருல எங்கனயோ இருக்கான், வந்து கேக்கவா போறான்? அஞ்சு மாசந்தான்னா டாக்டரம்மாவும் வைத்தியத்தப் பாத்துட்டுச் சும்மா இருந்துரும். ரெண்டு வருசம்னு வந்துச்சுன்னா நீயும் காலி, ஆஸ்பத்திரி பேரும் காலி. ரத்தத்துல ஒனக்கு ஏதாச்சும் வந்தாலும், சரியானதும் தியேட்டருக்குத் திரும்பி வந்துரு. அந்த எடம் ஒனக்குத்தான். நான் சொல்லுறேன்."

பால்பாண்டி தலையை ஆட்டினான். சந்தோசமாகவே ஆட்டினான் என்று சொல்ல வேண்டும். இத்தனை நாள் பயந்தது போய், வேலை கையை விட்டுப் போகாது என்று ஒரு மனுசன் வாயால் கேட்டுவிட்டானே. அன்று ராத்திரி வயிறு நிறையச் சாப்பிட்டான்.

மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. டாக்டர், மேனேஜர், மாரிச்செல்வி, பால்பாண்டி நாலு பேரும் டாக்டர் அறையில் இருந்தார்கள். டாக்டர் பால்பாண்டியை நாற்காலியில் உட்காரவைத்து, "கண்ண மூடுங்க. தொடுறப்பல்லாம் சொல்லுங்க" என்றார். இந்தத் தடவை உண்மையாகவே மூடினான். காத்திருந்தான். நேரம் போய்க்கொண்டே இருந்தது. "இன்னும் ஆரம்பிக்கலையா மேடம்?" என்று கேட்டான். யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தான். மாரிச்செல்வி அழுதுகொண்டிருந்தாள். டாக்டர் கையில் குண்டூசி இருந்தது. ஆள்காட்டி விரல் நுனியில் ஏழெட்டுச் சிவப்புப் புள்ளிகள் இருந்தன.

"எத்தனை மாசமா?" என்று கேட்டார் டாக்டர்.

"வைகாசியிலேர்ந்து மேடம்."

அவர் திட்டவில்லை. விளக்கமாகச் சொன்னார். "நரம்புக்குச் சோறு போடுற சத்து ஒண்ணு இருக்கு, பி12ன்னு. இந்த நைட்ரஸ் அதை வேலை செய்ய விடாது. நோயாளி கட்டு மாத்துற நேரம் மட்டும் மோந்துட்டுப் போயிருவாங்க. அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நாம தினமும் நின்னு மோந்துக்கிட்டே இருக்கோம். ஏசி வெளிக்காத்தக் கொண்டு வராது, உள்ள இருக்கிறதத்தான் திரும்பத் திரும்பச் சுத்தி விடும். தலைவலின்னு தைலம் தேய்ச்சீங்களே, அப்பவே யாராவது கேட்டிருக்கணும். வயித்துல பிள்ளையோட யாராவது அதுக்குள்ள நின்னுருந்தா அது இன்னும் மோசம்." மாரிச்செல்விக்கு ஊசி போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார். பால்பாண்டிக்கு நாள் பிடிக்கும், முழுசாகத் திரும்புமா என்று இப்போதே சொல்ல முடியாது என்றார். தியேட்டர் பக்கம் ரெண்டு பேரும் கொஞ்ச காலத்துக்கு வரக் கூடாது.

"அந்தத் துவாரம் எப்ப இருந்து அடைச்சிருக்கு?"

"பங்குனியிலேர்ந்து மேடம்" என்றார் மேனேஜர். "ஏசிக்காரன் பண்ணுன வேலை. இவனும் பாத்தான். என்னலே?"

பால்பாண்டி ஆமாம் என்கிற மாதிரி முனகினான்.

"அஞ்சு மாசமா? அப்ப அதுக்கு முன்னாடி வேலையிலேர்ந்து போனவங்களக் கூப்பிட வேண்டியதில்ல" என்று டாக்டர் எழுதிக்கொண்டார். "தியேட்டரக் கழுவுறது யாரு? அவங்களையும் பாக்கணும். இது காத்த விடக் கனமான வாயு. மூடுன ரூமுல தரையோரமாத்தான் தங்கும். குனிஞ்சு உக்காந்து வேலை பாக்கறவங்களுக்குத்தான் அதிகம் போயிருக்கும்."

"இப்ப ஒரு பையன் வாரான் மேடம். நின்னுக்கிட்டே மாப்புல தொடைச்சுட்டுப் போயிருவான்" என்றார் மேனேஜர்.

பால்பாண்டிக்கு முருகம்மாள் கண் முன்னால் வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு, குத்தவைத்து, மூலை மூலையாக. அவள் மேல் அடித்த வாடை எதனுடைய வாடை என்று இப்போது தெரிந்தது. வாயைத் திறந்தால் தியேட்டர் போச்சு. திறக்காவிட்டால், ஊசி போட்டு, விரல் கொஞ்சம் தேறி, அந்த இடத்துக்கே திரும்பலாம். திரும்பி வந்து அந்தத் தரையை மிதித்துக்கொண்டு நிற்கலாம். 

"மேடம், பங்குனி இல்ல" என்றான். "ரெண்டு வருசம் ஆகப்போகுது. அடைச்சது நாந்தான். முருகம்மாக்கான்னு ஒருத்தவுக தரையத் தொடைச்சாக. தள்ளாடுனாக. குடிச்சிருக்காகன்னு சொல்லி நிறுத்திட்டோம். குடிச்ச வாடை அடிக்குதுன்னு நான்தான் சொன்னேன்."

மேனேஜர் எழுந்து நின்று, "கிறுக்குப் பயலே" என்றார். மாரிச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். "ஒங்கள அம்புட்டு நம்புனேன்ணே. இந்தக் கை எனக்குச் சரியாகலன்னா என்ன செய்வீக?" என்று கேட்டாள். அவன் என்ன செய்வான்?  டாக்டர் ஒரு சீட்டில் எழுதி அவன் கையில் கொடுத்தார். "அந்த அம்மாவ நாளைக்கே விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ரொம்ப லேட்டாயிருச்சு. எவ்வளவு திரும்பும்னு தெரியல. அதையும் மறைக்காமச் சொல்லிருங்க." வெளியே வந்ததும் மேனேஜர், "திங்கக்கெளமையிலேர்ந்து வராத" என்றார். சொன்னபடி நடக்கிற மனுசன் அவர்.

விஸ்வநத்தத்துக்குப் போய் இறங்கும்போது மணி நாலரை. டீக்கடையில் முருகம்மாள் வீட்டைக் கேட்டான். "எந்த முருகம்மா? தண்ணி முருகம்மாவா?" என்று கேட்டுவிட்டுக் கடைக்காரர் கையைக் காட்டினார். உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

முருகம்மாள் வீட்டு நிலைப்படிக்கு உள்ளே உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஊன்றுகம்பு. பாதி உருளைகள் கோணலாக வந்திருந்தன. அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். துவாரம், மாவுக்கட்டு, வாயு, தரை, வாடை. சீட்டை நீட்டினான். முழுசாகச் சரியாகாமல் போனாலும் போகும் என்பதையும் சொன்னான். அவள் உருட்டுவதை நிறுத்தாமல் கேட்டாள்.

"சூடம் அணைச்சேன்" என்றாள்.

"யக்கா?"

"எம்மவன் பாண்டிராஜ் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி, குடிக்கலன்னா சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணுன்னான். பண்ணுனேன். எரியிற சூடத்துல உள்ளங்கைய வச்சு அமுக்குனேன். சூடு தெரியலலே எனக்கு. கைய எடுக்காம அப்பிடியே வச்சிருந்தேன். சத்தியம் பலிச்சிருச்சுன்னு நான் நெனைக்கேன், அவன் என்ன சொன்னாங்கிற? சூடு கூட ஒறைக்கல, அம்புட்டுப் போதையில இருக்கான்னான். அன்னைக்கே பொண்டாட்டி பிள்ளையக் கூட்டிட்டு அடுத்த தெருவுக்குப் போயிட்டான். பேத்திய எங்கிட்ட விட மாட்டேங்கான். நான் தூக்குனாக் கீழ போட்டுருவேனாம்."

உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் வழவழவென்று இருந்தது. பால்பாண்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "என்ன மன்னிச்சிருங்கக்கா" என்றான். வாய்விட்டு அழுதான்.

"அழுவாத. எந்திரி" என்றாள் முருகம்மாள். "நான் குடிக்கலன்னு எனக்குத் தெரியும்லே. அத எதுக்கு எங்கிட்ட வந்து சொல்லுற? தெரியாதவங்கிட்டச் சொல்லு. அஞ்சு மணிக்கு ஆபீஸ் வேன் வரும்."

கம்பை ஊன்றி எழுந்தாள். அவன் கையைப் பிடிக்கப் போனான். "பிடிக்காத. பத்து மாசமா நானாத்தான் நடக்கேன்" என்றாள். காலை அகட்டி அகட்டி வைத்து, சுவரை ஒட்டியே தெருவுக்கு வந்தாள். டீக்கடைக்கு எதிரே வந்து நின்றாள். அவன் அவளுக்குப் பின்னால் நின்றான். கடையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வேன் வந்தது. ஆபீஸ் சனங்கள் தூக்குவாளிகளோடு இறங்கினார்கள், கையெல்லாம் சாம்பல் நிறமாக. "எல்லாரும் ஒரு நிமிசம் நில்லுங்க. இவன் ஒரு விசயம் சொல்லணுமாம்" என்று முருகம்மாள் குரல் கொடுத்தாள். சிலர் நின்றார்கள். சிலர் சிரித்துக்கொண்டே நின்றார்கள். கடைசியாக இறங்கிய பாண்டிராஜ் அம்மாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்கப் பார்த்தான். பால்பாண்டி குறுக்கே போய் நின்றான். 

"தம்பி, நான் ஆஸ்பத்திரி பால்பாண்டி. ஒங்கம்மா ஒரு நாளும் குடிக்கல. தியேட்டர் வாயுதான் அவுக காலையும் கையையும் எடுத்துருச்சு. அந்த வாயுவ உள்ள அடைச்சது நான். குடிச்சாகன்னு பொய் சொன்னதும் நான்."

பாண்டிராஜ் நின்று அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.   டீக்கடைக்குள்ளிருந்து யாரோ, "என்னப்பா சொல்லுறான்?" என்று கேட்டார்கள்.

முருகம்மாள் கம்பைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"எம்மவனுக்குக் கேட்டுருச்சு. கடைக்குக் கேக்கல" என்றாள். "இன்னுஞ் சத்தமாச் சொல்லு."